முலைக்காம்பு உள்வாங்குவதன் காரணங்கள்

(கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தார் கூட்டிய சபையில் பெண் வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பெண்ணொருத்தி தன் தாயிடத்தும் சொல்லக் கூசுவதும், கணவனுக்கும் மறைப்பதும், வைத்தியரிடம் வந்த பின்னரும் தலையிடி, கால்நோவு என்று வேறு வருத்தங்களையெல்லாம் முதலிற் சொல்லி, மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழுந்து போகும்போது வாசலருகே நின்று திரும்பி மெல்லிய குரலிற் சொல்வதுமான ஒரு விஷயத்தைப் பற்றியே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். வெளியே நிற்கவேண்டிய முலைக்காம்பு உள்ளே வாங்கிப் போயிருத்தல் என்பதே அது. இவ்வொரு குறி, சிலரிடத்தில் பிறவியிலேயே அமைந்த, யாதொரு தீங்கும் செய்யாத உடலமைப்பாகவும், சிலரிடத்தில் முதுமையின் இயல்பான மாறுதலாகவும், சிலரிடத்தில் மருந்தால் மாறக்கூடிய அழற்சியின் விளைவாகவும், சிலரிடத்தில் புற்றுநோயின் முதல் அறிவிப்பாகவும் இருக்கின்றது. ஆகையால், இதைக் கண்டவுடன் எல்லாரும் நடுங்குவதும் பிழை, எல்லாரும் பேசாதிருப்பதும் பிழை. எவர் நிம்மதியாக இருக்கலாம், எவர் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதை வேறுபடுத்திக் காட்டுவதே என் நோக்கம்.

இவ்விஷயத்தைப் பொதுச் சபையிலே பேசலாமோ என்று இக்கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களுட் சிலர் ஐயுற்றார்கள் என்று அறிந்தேன். அவர்களுடைய மரியாதையுணர்ச்சியை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வன்னியின் நாலு திக்கிலிருந்தும் திரண்டு போய், மதுரையை எரித்தபின் அத்தாய் வந்து தங்கிய இடம் இதுவென்று நம்பி அம்மண்ணைத் தொழுகின்ற மக்கள் நாம். அவள் தன் இடமுலையைத் திருகி எறிந்து நீதி கேட்ட வரலாற்றைச் சிலப்பதிகாரம் சொல்ல, அவள் கதையை முல்லைத்தீவிலே கோவலன் கூத்தாக விடியவிடிய ஆடக்கண்டு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே முற்றத்திலிருந்து கண்ணீர் விட்டு வந்தவர்கள் நாம். தெய்வத்தின் கதையிலே வாய்விட்டுச் சொல்லத் தகுந்த உறுப்பு, ஒரு தாயின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மாத்திரம் சொல்லத் தகாததாகிவிடாது.

தமிழிலே இவற்றையெல்லாம் நாகரிகமாகச் சொல்ல இயலாது என்பாரும் உளர். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் பயிற்றி, 1857 இல் பிரசவ வைத்தியத்தையும் 1867 இல் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக அச்சேற்றினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மார்பும் கருப்பையும் நம் பாஷையில் அச்சிலேறி மாணாக்கர் கையில் இருந்தன என்றால், இன்று நாம் அவற்றைப் பேசுவது புதுமையும் அன்று, துணிச்சலும் அன்று.

காம்பு உள்வாங்கும் காரணங்களை விளங்கிக்கொள்வதற்கு மார்பகத்தின் அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். மார்பகத்தினுள்ளே பால் சுரக்கும் சுரப்பிகள் 15 முதல் 20 வரையான மடல்களாகப் பிரிந்திருக்க, அவற்றிலிருந்து புறப்படும் பாற்குழாய்கள், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் கீழே வந்து கூடி, காம்பின் நுனியிலே நுண்ணிய துவாரங்களாகத் திறக்கின்றன. காம்பினுள் எலும்பில்லை, குருத்தெலும்புமில்லை. மெல்லிய தசைகளும் தொடுப்பிழையமும் கீழிருந்து தாங்குவதனாலேயே அது எழுந்து நிற்கின்றது. தாய் வயிற்றிலிருக்கும் சிசுவின் மார்பிலே, காம்பு தோன்றவேண்டிய இடத்தில், ஆரம்பத்தில் ஒரு சிறு குழியே உண்டு. பிரசவ காலத்தை அண்டியும் பிள்ளை பிறந்த பின்னருமே அக்குழியின் கீழுள்ள இழையம் பெருகி மேலெழும்பி அதனைக் காம்பாக்குகின்றது. அவ்வாறு மேலெழும்பாமல் நின்றுவிட்டாலும், மேலெழும்பி நின்றதைப் பிற்காலத்தில் ஏதேனும் ஒன்று உள்ளிருந்து இழுத்தாலும் காம்பு உட்செல்லும். தைத்த சட்டையின் உட்புறத்து நூலொன்றைப் பிடித்து இழுத்தால் வெளிப்புறத்தில் துணி சுருங்கிக் குழிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாற்குழாய்கள் சுருங்கும்போதும், மார்பின் உள்ளே நார்கள் இறுகும்போதும் நிகழ்வது அதுவே. இனி நான் சொல்லப்போகும் காரணங்கள் யாவும், அந்த நூலை இழுப்பது எது என்ற ஒரு கேள்விக்குக் கூறும் வெவ்வேறு விடைகளேயாகும்.

முதலாவது பிறவியமைப்பு. நூறு பெண்களில் இரண்டு மூன்று பேருக்கு உண்டென்று சில ஆய்வுகளும், பத்துப் பேர்வரை உண்டென்று வேறு சில ஆய்வுகளும் கணக்கிடுகின்றன. எப்படிப் பார்த்தாலும் இது அபூர்வமன்று, இச்சபையிலும் சிலருக்கு இருக்கக்கூடும். பாற்குழாய்கள் பிறவியிலேயே குறுகியிருப்பதும், காம்பின் கீழே தாங்கும் இழையம் குறைவாயிருப்பதும் இதற்குக் காரணம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் இருப்பதைப் பல குடும்பங்களிற் காணலாம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். சிலருக்கு ஒரு பக்கம் மாத்திரம் இருப்பதும் உண்டு. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கருவட்டத்தின் ஓரத்தை மெல்ல அழுத்தினால் சிலருக்குக் காம்பு இலகுவில் வெளிவந்து சற்று நேரம் நிற்கும்; சிலருக்கு வெளிவந்து உடனே உட்போகும்; மிகச் சிலருக்கே எவ்வளவு முயன்றாலும் வெளிவராமல் இருக்கும். இம்மூன்று படிகளில் எதுவாயினும், பெரியபிள்ளையான காலம்தொட்டு அப்படியே மாறாதிருந்தால் அது நோயன்று. அதனாற் புற்றுநோய் வருமென்பதும் இல்லை. கல்யாணம் பேசும் வயதிலே இதை ஒரு ஊனமென்று மனத்துக்குள் வைத்து வருந்துகின்ற பிள்ளைகளுக்கு, "அம்மா, இது உன் மூக்கின் அமைப்பைப் போல உன் உடம்பின் அமைப்பு" என்று சொல்ல வீட்டிலே ஒருவராவது இருக்கவேண்டும்.

இவ்விடத்திற் சற்றுத் தங்கிப் பேச விரும்புகிறேன். ஏனென்றால், பிறவியில் உட்சென்ற காம்பினாற் பெண்ணுக்கு உண்டாகும் மெய்யான கஷ்டம் பிள்ளை பிறந்தவுடனேயே வருகின்றது. முதற்பிள்ளை பிறந்து, குழந்தை காம்பைப் பிடிக்கமாட்டாமல் அழுகின்றபோது, சுற்றியிருக்கும் பெரியவர்கள், "இவளுக்குப் பால் குடுக்க ஏலாது, மாப்பால் வாங்குங்கோ" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அனேகமாகப் பிழையானது. குழந்தை பால் குடிப்பது காம்பை மாத்திரம் கவ்வி அன்று. வாயை நன்றாகத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதியையும் உள்வாங்கி மார்பிலிருந்தே குடிக்கின்றது. ஆகவே, பிறந்தவுடன் தாயின் நெஞ்சோடு சேர்த்துவைத்து, மார்பு கல்லாகக் கட்டுவதற்கு முன்னமே பழக்கி, பிடிக்கும் முறையை ஒருவர் பக்கத்திலிருந்து காட்டிக் கொடுத்தால், முதல் இரண்டு படியிலுள்ள தாய்மாரிற் பெரும்பான்மையோர் பால் கொடுக்க வல்லவராவர். கர்ப்பகாலத்திலே காம்பை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்யவேண்டுமென்றும், அதற்கென்று ஓடுபோன்ற கவசங்களை அணியவேண்டுமென்றும் முற்காலத்தில் வைத்தியரே சொல்லி வந்தார்கள். 1990 களின் ஆரம்பத்தில் இங்கிலாந்திலே முறையான பரிசோதனை நடத்திப் பார்த்தபோது, அவற்றாற் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. ஆகையால் கர்ப்பிணிப் பெண்ணை அவற்றால் வருத்தவேண்டியதில்லை.

பயன்தரத்தக்க ஒரு எளிய உபாயம் நமக்கு அயலிலிருந்தே கிடைத்தது. கர்நாடகத்திலுள்ள தாவணகெரே என்னும் ஊரின் குழந்தை வைத்தியர்கள், ஊசிமருந்து ஏற்றும் சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்து, ஊசி பொருத்தும் முனையை வெட்டி நீக்கி, தண்டை அந்த வெட்டிய பக்கத்தினூடாகச் செலுத்தி, வெட்டாத வழுவழுப்பான பக்கத்தைத் தாயின் மார்பில் வைத்து, தண்டை மெல்லப் பின்னிழுப்பதனாற் காம்பை வெளிக்கொணரும் முறையை 1993 இல் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்னர், நோகாதபடி, அரை நிமிஷம் ஒரு நிமிஷம் செய்தாற் போதும். தாயே தன் கையால் செய்யவேண்டும், பிறர் இழுத்தல் கூடாது. சிரிஞ்சு புதியதாயும் சுத்தமாயும் இருத்தல் வேண்டும். முதன்முறை மருத்துவமாதின் முன்னிலையிற் செய்து பழகுவது உத்தமம். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் இல்லாத இடத்திலே, நாலு காசுப் பெறுமதியுள்ள பொருளைக் கொண்டு இப்படி ஒரு வழி கண்டவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரமே அருந்துவதாக 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்விலே காட்டிய நாடு நம்முடையது. அந்தப் பாக்கியம் காம்பின் அமைப்பைக் காரணங்காட்டி ஒரு குழந்தைக்கும் மறுக்கப்படலாகாது. மூன்றாம் படியிலுள்ள தாயும் பாலைக் கறந்து கோப்பையாற் பருக்கலாம்.

பிறவியமைப்பைப் பற்றி இவ்வளவு. இனி வருவது வேறு வகை: முன்பு வெளியே இருந்து, பின்பு உட்சென்ற காம்பு. இவ்விரண்டையும் பிரிப்பதற்கு யந்திரம் வேண்டியதில்லை, "எப்போதிலிருந்து?" என்ற ஒரு கேள்வி போதும். "குமர்ப்பிள்ளையா இருக்கேக்கையே இப்பிடித்தான்" என்று ஒருத்தி சொன்னால் வைத்தியரின் மனம் இளகுகின்றது. "போன வருஷம் இப்பிடி இருக்கேல்லை" என்று ஒருத்தி சொன்னால் வைத்தியர் கதிரையை முன்னிழுத்து உட்காருகிறார். ஆகவே, உங்கள் உடம்பு சாதாரணமாக எப்படி இருக்கின்றது என்பதை நீங்கள் அறிந்திருத்தல்தான் எல்லாப் பரிசோதனைக்கும் மூலமான பரிசோதனை. அதை அறியாதவள் மாறுதலை அறியமாட்டாள்.

பின்னர் வந்த உள்வாங்கலில், வயதினால் வருவது ஒன்று. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டிச் சுரப்பிகள் சுருங்க, பாற்குழாய்களும் குறுகி, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக, வருஷக்கணக்கிற் காம்பு பதியக்கூடும். உடம்பு திடீரென்று மெலிந்தாலும் அவ்வாறு தோன்றலாம். இதற்கு வைத்தியம் வேண்டியதில்லை; ஆனால், வயதினால் வந்தது என்று தீர்ப்பளிக்கும் உரிமை பக்கத்து வீட்டாருக்கு இல்லை, பரிசோதித்த வைத்தியருக்கே உண்டு.

அதே வயதில், 45 க்கும் 55 க்கும் இடைப்பட்ட பெண்களிடத்தில், பாற்குழாய் விரிவு என்னும் ஒரு நிலை அடிக்கடி காணப்படுகின்றது. கருவட்டத்தின் கீழுள்ள குழாய்கள் விரிந்து, அவற்றினுள்ளே தடித்த திரவம் தங்கி, அது சுவரை அரித்து அழற்சியை உண்டாக்கி, அழற்சி ஆறும்போது நாராகச் சுருங்கிக் காம்பை இழுக்கின்றது. இங்கே காம்பு முழுவதும் மறையாமல், நடுவிலே குறுக்காக ஒரு கீறல் விழுந்தாற்போலப் பதிந்திருப்பது வழக்கம். பச்சையாகவோ, வெண்ணெய்போலத் தடித்தோ கசிவும் வரலாம். இது புற்றுநோயன்று. புகைத்தலுள்ள பெண்களிடத்தில் இளவயதிலேயே குழாயைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு, கருவட்டத்தின் ஓரத்திற் கட்டி உடைந்து, ஆறி, மறுபடி உடைந்து, இறுதியிற் காம்பை உள்ளிழுத்துக்கொள்வது பல தேசங்களிலும் அறியப்பட்ட விஷயம். நம் பெண்களிடத்தில் அப்பழக்கம் அருகியிருப்பினும், சுருட்டுப் புகைத்த ஆச்சிமாரை நாம் கண்டதில்லையென்று சொல்லமுடியாது.

பால்கொடுக்கும் தாய்க்கு மார்பிலே சீழ்க்கட்டி வந்து, அதற்குப் பத்துப்போட்டுப் பத்துப்போட்டு நாட்களைக் கடத்தி, தானாக உடையவிட்டால், ஆறிய வடு காம்பை இழுத்துக்கொள்ளும். நேரத்தோடு வைத்தியசாலைக்கு வந்திருந்தால் மருந்தினாலோ, ஊசியாற் சீழை எடுப்பதனாலோ முடிந்திருக்கும் காரியம் அது. பிள்ளைபெற்ற சில வருஷங்களுக்குள் இளம் தாய்மாருக்கு, கிருமியெதுவும் அகப்படாத ஒருவகைத் தடிப்பழற்சி வருவதுண்டு. அது கையாற் பார்த்தாலும் படத்திற் பார்த்தாலும் புற்றுநோயைப் போலவே இருந்து வைத்தியரையும் மயக்குவதால், துணுக்கெடுத்துப் பார்த்தன்றி ஒன்றுஞ் சொல்லலாகாது. சயரோகம் சுவாசப்பைக்கு மாத்திரம் உரியதென்று நினைக்கவேண்டாம். அபூர்வமாக மார்பகத்திலும் அது தங்கி, கட்டியாகவும் ஆறாத புண்ணாகவும் காம்பின் உள்வாங்கலாகவும் வெளிப்படுவதை இந்திய, இலங்கை வைத்தியர்கள் மறப்பதில்லை. அதற்கு மருந்து உண்டு. மாதக்கணக்கில் ஒழுங்காக உட்கொண்டால் மாறும்.

வன்னியிலே நின்று பேசுகின்றவள், காயங்களைப் பற்றிச் சொல்லாமற் போகலாகாது. மார்பிற் பட்ட காயமும், நெருப்புச் சுட்ட புண்ணும், செய்த சத்திரசிகிச்சையும் ஆறுகின்றபோது நாராகி இறுகும். மார்பின் கொழுப்பிழையம் அடியுண்டு மாண்டுபோனால், அந்த இடத்தில் வலியற்ற கெட்டியான ஒரு கட்டி எஞ்சி, மேற்தோலைக் குழித்துக் காம்பை உள்ளிழுத்து, புற்றுநோயின் வேஷத்தையே தரித்துக்கொள்ளும். 2009 இல் முடிந்த யுத்தத்திலே ஷெல் துண்டு பட்ட உடம்போடு, அத்துண்டுகளிற் சில இன்னும் உள்ளே இருக்க, வாழ்ந்துகொண்டிருக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. காயம்பட்ட காலத்திலேயே காம்பு இழுபட்டு அப்படியே இருந்தால் அது வடுவின் வேலை. ஆனால், பல வருஷம் மாறாதிருந்த இடத்தில் இப்போது புதிதாக ஒரு மாறுதல் தோன்றினால், "அது அந்தக் காயந்தான்" என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். காயம்பட்ட மார்புக்கும் மற்ற மார்பைப்போலவே நோய் வரலாம். மற்றது, உடம்பில் உலோகத்துண்டு இருப்பதை எந்தப் பரிசோதனைக்கு முன்னரும், விசேஷமாகக் காந்தத்தினால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன்னர், மறக்காமற் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு அக்காந்தத்தால் அசையக்கூடும். இப்படிப்பட்ட ஒரு தாயிடம் அவளுடைய காயத்தின் கதையைக் கேட்கும் வைத்தியரும் தாதியும், அக்கதையைச் சொல்லுவது அவளுக்கு இரண்டாந்தரம் படும் காயம் என்பதை மனத்திற் கொண்டு, மறைவான இடத்திலே, அவசரமின்றிக் கேட்கவேண்டும் என்று என் சக ஊழியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் புற்றுநோய்க்கு வருகிறேன். இலங்கையிற் பெண்களுக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோயே. ஏறத்தாழ நான்கில் ஒன்று அது. பாற்குழாயின் உட்சுவரிலே தோன்றும் அந்நோய் சுவரைக் கடந்து வெளியே பரவும்போது, அதைச் சூழவுள்ள இழையம் கெட்டியான நாராக மாறிச் சுருங்குகின்றது. மார்பகத்தைத் தோலோடு பிணைக்கும் நுண்ணிய நார்களை, 1840 இல் அஸ்ற்லி கூப்பர் என்ற இலண்டன் சத்திரவைத்தியர் விரிவாக வருணித்தார். அந்நார்கள் இழுபட்டால் தோலிலே குழி விழும், பாற்குழாய்கள் இழுபட்டாற் காம்பு உட்செல்லும். ஆகவே, முன்பு வெளியே இருந்த காம்பு, ஒரு பக்கம் மாத்திரம், சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ உட்சென்று, விரலால் அழுத்தினாலும் வெளிவராமற் பிடித்துக்கொண்டதுபோல நிற்குமானால், அல்லது ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிவிடுமானால், அதைப் புற்றுநோய் அல்ல என்று நிரூபிக்கும்வரை சந்தேகத்துடனேயே பார்க்கவேண்டும். கூடவே ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், மார்பின் தோல் தோடம்பழத் தோல்போலத் துளைதுளையாகத் தடித்தாலும், கமக்கட்டிலே கழலை தோன்றினாலும் சந்தேகம் வலுக்கும். ஆனால் இவை ஒன்றும் இல்லாமற் காம்பின் மாறுதல் மாத்திரம் முதற்குறியாக வருவதும் உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

நோவில்லை என்பது ஆறுதலுக்குரிய சங்கதி அன்று. "நோகேல்லை, அதாலை பேசாமல் விட்டிட்டன்" என்ற சொல்லை நான் கேட்டிருக்கிறேன். அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கின்றது, ஏனென்றால் நோகின்ற மார்புகளிற் பெரும்பான்மை மாதவிலக்கோடும் அழற்சியோடும் சம்பந்தப்பட்டவை. புற்றுநோயோ தன் ஆரம்பகாலத்தில் அனேகமாக நோவதில்லை.

காம்பின் மேற்தோலிலே சொறிபோலத் தோன்றி, சிவந்து, பொருக்கு உதிர்ந்து, பூச்சுமருந்துகளுக்கு மாறாமல் மாதக்கணக்கில் இருக்கும் புண் ஒன்று உண்டு. 1874 இல் ஜேம்ஸ் பஜற் என்ற ஆங்கில வைத்தியர், தாம் கண்ட சுமார் 15 பெண்களில் ஒவ்வொருத்திக்கும் அப்புண் தோன்றி இரண்டு வருஷத்துக்குள் மார்பினுள்ளே புற்றுநோய் வெளிப்பட்டதாக எழுதினார். கருவட்டத்தை விட்டுக் காம்பிலேயே தொடங்கி, ஒரு பக்கம் மாத்திரம் இருந்து, காம்பை மெல்லத் தேய்த்தும் தட்டையாக்கியும் விடுவது அதன் இயல்பு. அதைக் கரப்பான் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருப்பது பெரும் ஆபத்து.

ஆண்களே, நீங்கள் பின்வரிசையிலிருந்து பிறர் விஷயம் கேட்பவர்போல இருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோயாளர் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். ஆணின் மார்பிலே இழையம் குறைவாகையால், காம்பின் கீழே கட்டியும் காம்பின் உள்வாங்கலும் சீக்கிரமே தோன்றும். ஆனால் ஆண்மகனுக்கு இது வராது என்ற எண்ணமே அவனைத் தாமதிக்கச் செய்கின்றது.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்பது தெரியாததால் வரும் பயம், நோயினால் வரும் பயத்தினும் பெரிதாயிருக்கின்றது. மூன்று காரியம் செய்வார்கள். முதலில் உங்களை இருத்தி, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தவும் இடுப்பில் ஊன்றி அழுத்தவும் சொல்லி, அப்போது காம்போ தோலோ இழுபடுகின்றதா என்று பார்த்து, பின் மார்பையும் கமக்கட்டையும் கையாற் பரிசோதிப்பார்கள். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேட்பது உங்கள் உரிமை. இரண்டாவது, இளவயதினருக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும், நாற்பதை அண்டியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படமும் எடுப்பார்கள். மூன்றாவது, சந்தேகமான இடமிருந்தால் விறைக்கப்பண்ணி ஊசியால் ஒரு சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே பார்ப்பார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும், கத்தி பட்டால் பரவும் என்று ஊரிற் சொல்லுவது மெய்யன்று; பரவிய நிலையிலே வந்தவர்களைக் கத்தியும் காப்பாற்ற முடியாமற்போனதைக் கண்டே அப்படி ஒரு பேச்சுப் பிறந்தது. முறையாகப் பார்க்கப்பட்ட பெண்களுட் பலருக்கு இறுதியில் "புற்றுநோய் இல்லை" என்ற விடையே கிடைக்கின்றது. அந்த விடையைப் பெறுவதற்காகவேனும் போகவேண்டும்.

புற்றுநோய் என்றால் மரணம் என்று நம்மவர் சொல்லிவந்த காலத்திலே, தன் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரத்தைத் துயரமாகவே விட்டுவிடாமல், எத்தனையோ பேர் நகைத்தும் தடுத்தும் பார்க்க, 1954 இல் சென்னை அடையாற்றிலே 12 கட்டில்களோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். நம் நாட்டிலோ, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இத்தீவின் நெடுகிலும் காலால் நடந்து சேர்த்த பணத்தைக் கொண்டு தெல்லிப்பழையிலே வடபகுதி மக்களுக்கென்று புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கொடுத்த பணம் அது. முன்பு மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கே போகவேண்டியிருந்த சிகிச்சைகளுட் பல இப்போது தெல்லிப்பழையிற் கிடைக்கின்றன. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிலே நெதர்லாந்து தேசத்தின் உதவியோடு 2024 இல் மகளிருக்கென்று தனிச் சிகிச்சை நிலையமும் திறந்துவைக்கப்பட்டது. அரச வைத்தியசாலையிலே இப்பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.

கட்டணமில்லாமலும் வராதிருப்பது ஏன் என்று நகரத்திலுள்ளோர் கேட்கிறார்கள். அவர்களுக்கு வன்னியின் தூரம் தெரியாது. மல்லாவியிலோ, புதுக்குடியிருப்பிலோ, செட்டிகுளத்திலோ உள்ள ஒரு தாய் யாழ்ப்பாணத்துக்கோ தெல்லிப்பழைக்கோ போவதென்றால், விடியுமுன் சமைத்துவைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாட்கூலியை இழந்து, பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைகளை அயலில் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். கணவனை யுத்தத்தில் இழந்து தானே குடும்பத்தைத் தாங்குகின்றவளுக்கு அந்த ஒரு நாள் ஒரு கிழமைச் சாப்பாட்டின் கணக்கு. அவளுடைய தாமதத்தை அறியாமை என்று சொல்லுவது அநியாயம். அவள் தாமதித்ததற்கு நாமெல்லோரும் உத்தரவாதிகள்.

ஆனால் முதற்படி அவ்வளவு தூரமன்று. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 தொடக்கம் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கிலே, 35 வயதை அடைந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இரத்த அழுத்தம், சீனி முதலிய பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன. உங்கள் வீட்டுக்குப் பிள்ளை நிறுக்க வருகின்ற மருத்துவமாதிடம் நாளைக் கேட்டால் அவர் சொல்லுவார். காம்பைப் பற்றிய சந்தேகத்தையும் முதலில் அவரிடமே சொல்லலாம்.

இச்சங்கத்தாரிடம் நான் வேண்டிக்கொள்வது இது. உங்கள் கிராமசேவகர் பிரிவில் 35 வயதை எட்டிய ஒவ்வொருத்தியின் பெயரையும் எழுதிவைத்து, கிளினிக் நாளிலே தனியே விடாமல் மூவர் நால்வராகச் சேர்த்து அனுப்புங்கள். பஸ் காசுக்குச் சங்கத்தின் சேமிப்பிலே ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். போகின்றவளின் பிள்ளைகளை அன்றைக்கு ஒருத்தி பொறுப்பெடுங்கள். ஆனால், "எனக்கு ஒரு பக்கம் புதிசா உள்ளை போட்டுது" என்று யாராவது ஒருத்தி உங்களிடம் சொன்னால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல், அந்தக் கிழமைக்குள்ளேயே அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.